17 கீ கலிம்பா: ஊரடங்கில் வீட்டுக்குள் வந்த கட்டைவிரல் வாத்தியம்

கலிம்பா என்பது மரப்பெட்டி மேல் வரிசையாக உள்ள எஃகுப் பட்டைகளை, அதாவது கீகளை, கட்டைவிரல்களால் மீட்டும் சிறு வாத்தியம். 17 கீ கலிம்பா வாங்கலாமா என்று கேட்கும் மாணவர்களுக்கு எங்கள் பதில்: வாங்குங்கள். கூடவே ஒரு நிபந்தனை. வந்த அன்றே அதற்குச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கலிம்பா அலமாரிக்குப் போய்விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அது கடினமான வாத்தியம் என்பதல்ல. இரண்டு மூன்று கீகளில் சுருதி விலகியிருக்கும். அதைக் கவனிக்காமல் வாசித்துவிட்டு, "நமக்குச் சங்கீதம் வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சுருதி சேர்க்கத் தெரிந்தவர் கையில் இதே பெட்டி ஒரு ராகப் பயிற்சிக்கூடமாக மாறிவிடும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் பாட்டு வகுப்பு, வாத்திய வகுப்பு எல்லாம் நின்றுபோயின. ஏற்கெனவே ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள் போன் வழியாகத் தொடர்ந்தார்கள். புதிதாகத் தொடங்க நினைத்த மாணவர்களுக்குத்தான் வழியில்லாமல் போனது. புல்லாங்குழலில் ஒழுங்கான ஓசை வரவே நாட்கள் ஆகும். உதட்டின் கோணத்தை யாராவது பக்கத்திலிருந்து திருத்த வேண்டும். வயலினில் வில் பிடிப்பதும் அப்படித்தான். கிட்டாரில் விரல்நுனி காய்ப்புக் காணும்வரை வலிக்கும். கலிம்பாவில் முதல் தொடுதலிலேயே ஸ்வரம் தெளிவாக வருகிறது. ஓசையும் மெல்லியது. ஒரே கூடத்தில் ஒருவருக்கு ஆன்லைன் வகுப்பு, இன்னொருவருக்கு அலுவலக மீட்டிங் என்று நடந்துகொண்டிருந்த வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் வாசிக்க முடிந்த வாத்தியம் இது. முதல் வாரங்களில் இணையக் கடைகள் அத்தியாவசியப் பொருட்களை மட்டுமே கொண்டுவந்தன. மே மாதத்தில் தடை தளர்ந்த பிறகுதான் இது பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதே மே 21 அன்று கூகுளின் முகப்பில் இதன் மூதாதையான ம்பிராவை வாசித்துப் பார்க்கும் டூடுல் வந்தது. பலருக்கு அறிமுகமே அங்கேதான்.

ம்பிரா ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களின் வாத்தியம். அதைச் செய்யும், வாசிக்கும் கலையை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ ஜிம்பாப்வே, மலாவி இரு நாடுகளின் பெயரிலும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன் எளிய வடிவத்தை மேற்கத்திய ஸ்வர வரிசைக்கு மாற்றி, 1950களில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கலிம்பா என்ற பெயரில் விற்கத் தொடங்கியவர் ஹியூ டிரேசி. அவருடைய 17 கீ வாத்தியம் ஜி மேஜரில், அதாவது மேற்கத்திய ஜி ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட வரிசையில், அமைந்தது. இன்று நம்மூர் இணையக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சி மேஜரில் வருகின்றன. நமக்கு அதுவே வசதி. சி என்பது நம் கர்நாடக இசையின் சுருதிக் கணக்கில் 1 கட்டை. போனில் தம்பூரா ஆப்பை 1 கட்டையில் வைத்துவிட்டால் கலிம்பா அதோடு அப்படியே சேர்ந்துகொள்ளும்.

அமைப்பு எளியது. கையடக்கமான மரப்பெட்டி, அதன் மேல் 17 எஃகு கீகள். பின்னால் ஒரு தாங்கி, முன்னால் கீகள் படிந்து நிற்கும் பிரிட்ஜ், இரண்டுக்கும் நடுவே திருகுகளால் கீழ்நோக்கி இறுக்கிய ஒரு கம்பி. கீகள் எங்கும் ஒட்டப்படவில்லை; அந்த அழுத்தத்தில்தான் நிற்கின்றன. அதனால்தான் அவற்றை முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதியை மாற்ற முடிகிறது. கூரியர் வண்டியின் குலுக்கலில் சுருதி கலைவதும் அதனால்தான். வந்த நாளில் சுருதி விலகியிருந்தால் அது குறைபாடு அல்ல. அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

எதை வாங்குவது? பெட்டி வகை, பலகை வகை என்று இரண்டு உண்டு. உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வகையில் ஓசை கொஞ்சம் கூடுதல். பின்புறம் இரண்டு சிறு துளைகள் இருக்கும். நடுவிரல்களால் மூடித் திறந்தால் ஓசை அலையடிக்கும். ஒரே மரத்தில் செய்த பலகை வகையில் ஓசை குறைவு. ஆனால் ஒட்டுவாய்கள் இல்லாததால் வெயிலிலும் ஈரத்திலும் பிளக்கும் பயம் குறைவு. அக்ரிலிக் வகை பார்க்க அழகு. ஓசை மெலிந்துதான் கேட்கும். அழகுக்காக மட்டும் அதை எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 8 கீ, 10 கீ வகைகள் சிறு குழந்தைகளுக்குச் சரி. கல்லூரி மாணவருக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிடும். எழுத்தும் எண்ணும் கீயிலேயே பொறித்திருப்பதை எடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியது கட்டைவிரல் வியர்வையில் உரிந்துவிடும். சுமாரான பெட்டி வகை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் கிடைக்கும். கூடவே சிறு சுத்தியல், பை, துடைக்கும் துணி வந்தால் போதும். விரலில் மாட்டும் பிளாஸ்டிக் நகங்கள் வந்தாலும் ஆரம்பத்தில் வேண்டாம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாமல் போய்விடும்.

பார்சல் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சில சோதனைகள். பெட்டியின் ஒட்டுவாய்களில் விரிசல் இருக்கிறதா, பிரிட்ஜ் நேராக உட்கார்ந்திருக்கிறதா, அழுத்தும் கம்பியின் திருகுகள் எல்லாம் ஒரே அளவு இறுக்கமா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கீயாகத் தட்டுங்கள். ஓரத்துக் கீகள், அதாவது இரு பக்கமும் கடைசி இரண்டு, எந்தக் கலிம்பாவிலும் சற்றுச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். கீ குட்டையாக இருப்பதால் அப்படி. ஆனால் நடுப்பகுதியில் ஏதாவது ஒரு கீ "டப்" என்று செத்துப்போனால், முதலில் திருகை இறுக்கிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அது மரத்தின் அல்லது பிரிட்ஜின் கோளாறு. அதைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

"ர்ர்ர்" என்ற அதிர்வொலி பலரைப் பயமுறுத்துகிறது. முக்கால்வாசி நேரம் அது சின்ன விஷயம். கீ பக்கத்துக் கீயை உரசலாம். பக்கவாட்டில் மெல்லத் தட்டி நகர்த்தினால் போதும். கீயின் அடிப்பரப்பு பிரிட்ஜில் முழுமையாகப் படியாமல் இருக்கலாம். கீயைச் சற்றுத் தூக்கி, அடியில் தாளின் மெல்லிய கீற்றைச் செருகினால் நின்றுவிடும். திருகு தளர்ந்தும் இருக்கலாம். மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். ஜிம்பாப்வேயின் ம்பிராவில் இந்த அதிர்வைக் கேட்டுப் பெறுவதற்காகவே சிப்பிகளையும் சோடா மூடிகளையும் கட்டுகிறார்கள். அங்கே இது இசையின் பகுதி. நம் கலிம்பாவில் ஒரு கீ மட்டும் அப்படி அதிர்ந்தால் காதைக் குத்தும்.

இனி சுருதி. சுருதி காட்டும் இலவச டியூனர் ஆப் ஒன்றை 440 ஹெர்ட்ஸில் (மேற்கத்திய ஏ ஸ்வரத்தின் அளவு) வையுங்கள். நடுவில் உள்ள நீளமான கீ ச. அது 261.6 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். அங்கிருந்து இடமும் வலமுமாக மாறி மாறி வெளியே போங்கள். ஒரு கீயைத் தட்டும்போது மற்றவையும் கூடவே லேசாக ஒலிக்கும், ஆப் குழம்பும். அக்கம்பக்கத்துக் கீகளை விரலால் தொட்டு அமர்த்திக்கொண்டு, போனைப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டி வைத்தால் ஊசி நிலையாக நிற்கும். ஸ்வரம் தாழ்ந்திருந்தால் கீயின் வாசிக்கும் நுனியைப் பிரிட்ஜை நோக்கித் தட்டி உள்ளே தள்ளுங்கள். கீ குட்டையாகி ஸ்வரம் ஏறும். ஏறியிருந்தால் பின்பக்க நுனியைத் தட்டி வெளியே நகர்த்துங்கள்.

எவ்வளவு நகர்த்துவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இந்தக் கீயில் அதிர்வெண் அதிரும் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகப் போகிறது. அதனால்தான் கீயின் நீளம் பாதியானாலே ஸ்வரம் இரண்டு ஸ்தாயி ஏறிவிடுகிறது. அரை ஸ்வரம் மாற நீளத்தில் 3 சதவீதம் மாறினால் போதும். பிரிட்ஜுக்கு முன்னால் 60 மில்லிமீட்டர் நீண்டிருக்கும் கீயில் அது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. 30 மில்லிமீட்டர் கீயில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. சுருதித் திருத்தத்துக்கு வேண்டியது அதிலும் ஒரு சிறு பங்கு. எனவே ஓரத்துக் கீகளை ஓங்கித் தட்டாதீர்கள். வாத்தியத்தோடு வந்த சிறு சுத்தியலால், நகத்தால் சுண்டும் அளவுக்கு மெல்லத் தட்டி, ஆப்பைப் பார்த்து, மறுபடி தட்டுங்கள். ஊசி 5 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு இப்படி அப்படி இருந்தால் போதும். 17 கீயும் முடிந்த பிறகு நடுக்கீயை மறுபடி பாருங்கள். பக்கத்தில் தட்டிய அதிர்ச்சியில் அதுவும் லேசாக நகர்ந்திருக்கும். முதல் முறை அரை மணி நேரம் பிடிக்கும். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

கீ வரிசை முதலில் விசித்திரமாகத் தோன்றும். நடுவில் ச, இடப்பக்கம் முதல் கீ ரி, வலப்பக்கம் முதல் கீ க, பிறகு இடம் ம, வலம் ப, இடம் த, வலம் நி. ஆரோகணம் இரு கட்டைவிரல்களும் மாறி மாறி நடக்கும் நடை. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த மூன்று கீகளைக் கட்டைவிரலால் வரிசையாக வழித்தால் ஒரு கார்டு, அதாவது சேர்ந்து இனிமையாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு, கிடைக்கும். நடுக்கீயில் தொடங்கி வலப்பக்கம் வழித்தால் ச, க, ப. இடப்பக்கம் முதல் மூன்று ரி, ம, த. மேல் ஸ்தாயி எப்போதும் எதிர்ப்பக்கத்தில் வரும்: கீழ் ரி இடப்பக்கம் முதல் கீ என்றால் மேல் ரி வலப்பக்கம் நான்காவது. இது கைக்கு வந்துவிட்டால் வரிசை பார்க்காமலே வாசிக்கலாம்.

நகமும் சதையும் சேரும் இடத்தால் கீயின் நுனியைக் கீழ்நோக்கி அழுத்தி நழுவ விடுங்கள். ஆழமாக அழுத்த வேண்டாம். வலியும் கொப்புளமும்தான் மிஞ்சும். முதல் வாரம் ஒரு அமர்வுக்கு 15 நிமிடம் போதும்.

இனி மாணவர்களுக்கு இந்தப் பெட்டி உண்மையிலேயே தரும் செல்வம். கீகளின் இயல்பான வரிசை 29ஆவது மேளமான (தாய் ராகமான) தீரசங்கராபரணத்தின், சுருக்கமாகச் சங்கராபரணத்தின், ஸ்வரங்கள். இடப்பக்கம் 2, 7, வலப்பக்கம் 3, 5 ஆகிய நான்கு கீகளைத் தொடாமல் விட்டால் ம, நி போய்விடும். மிச்சம் 13 கீகளும் மோகனம். அந்த 13 கீகளில் எதைத் தட்டினாலும் ராகத்துக்குள்தான் இருப்பீர்கள். கற்பனையாக வாசிக்கத் தயங்கும் மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ம, த இரண்டையும் விட்டால் ஹம்சத்வனி.

அடுத்தது கிரகபேதம்: அதே ஸ்வரங்களில் ஆதார ஸ்வரத்தை மட்டும் மாற்றி வேறு ராகம் காண்பது. அதே 13 மோகனக் கீகளில் ரியை ஆதார ஷட்ஜமாக, அதாவது ச ஆக, வைத்துத் தொடங்கி அங்கேயே முடியுங்கள்: மத்தியமாவதி. க ஸ்வரத்திலிருந்து தொடங்கினால் ஹிந்தோளம். ப ஸ்வரத்திலிருந்து சுத்த சாவேரி. த ஸ்வரத்திலிருந்து சுத்த தன்யாசி. தம்பூரா ஆப்பையும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்வரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் காது பழைய ஷட்ஜத்திலேயே நின்றுவிடும். ஒரு கீயைக்கூட நகர்த்தாமல் ஐந்து ராகங்கள். புத்தகத்தில் பட்டியலாகப் படித்த விஷயம் கட்டைவிரலில் நடக்கும்போது மனத்தில் பதிகிற விதமே வேறு.

பிறகு சுத்தியலை எடுங்கள். இரண்டு ம கீகளையும் அரை ஸ்வரம் ஏற்றினால் கல்யாணி. பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு நி கீகளையும் அரை ஸ்வரம் இறக்கினால் ஹரிகாம்போதி. தொடக்கப் பாடமான சரளி வரிசை பயில விரும்புகிறவர்கள் மூன்று ரி கீகளையும் இரண்டு த கீகளையும் அரை ஸ்வரம் இறக்கினால் மாயாமாளவகௌளை, 15ஆவது மேளம். ஐந்து கீ நகர்த்தும் வேலைதான். ஊரடங்கில் பாட்டு வகுப்பு நின்றுபோன பிள்ளைகள் சுருதி விலகாமல் பாடிப் பழக இது பெரிய துணையாக இருந்தது. 5 கட்டையில் பாடும் பெண்களுக்கு ஒரு குறிப்பு: ப ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். கீகளை நகர்த்தாமலே ஹரிகாம்போதி கிடைக்கும். ம கீகள் இரண்டையும் அரை ஸ்வரம் ஏற்றினால் 5 கட்டையில் சங்கராபரணம். மந்த்ர (கீழ்) ஸ்தாயியில் ம வரைக்கும்தான் இறங்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கலிம்பாவில் கமகம் கிடையாது. ஸ்வரத்தை வளைக்கவோ இழுக்கவோ வழியில்லை. ஆகவே தோடியின் ஸ்வரங்களை வாசிக்கலாம், தோடியை வாசிக்க முடியாது. சஹானா, பைரவி பக்கம் போகவே வேண்டாம். வர்ணம், கீர்த்தனை வாசிக்கும் ஆசையோடு இதை வாங்குகிறவர் ஏமாந்துபோவார். இதற்கு வாகான கர்நாடக உருப்படிகள் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். மேற்கத்திய மெட்டுகளை ஒட்டி, சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல் அமைந்தவை என்பதால் கலிம்பாவுக்கென்றே செய்தது போலப் பொருந்தும். சினிமாப் பாட்டில், ஏழு ஸ்வரத்துக்கு வெளியே அந்நிய ஸ்வரம் வராத பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். பல்லவியை வாசித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் எந்தக் கீயும் பொருந்தவில்லை என்றால் தவறு உங்களுடையதல்ல, அந்த ஸ்வரம் பெட்டியில் இல்லை. இணையத்தில் எண்களால் எழுதிய குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. 1 என்றால் ச, 2 என்றால் ரி. எண்ணுக்கு ஒரு புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, இரண்டு புள்ளி என்றால் அதற்கும் மேல்.

ஆன்லைன் கலைவிழாக்களில் கலிம்பா வாசித்த மாணவர்கள் பலர் சந்தித்த சிக்கல் ஒன்று: ஓசை விட்டு விட்டுக் கேட்கும். பழுது வாத்தியத்தில் இல்லை. வீடியோ மீட்டிங் ஆப்கள் பேச்சுக் குரலைத் தவிர மற்றதை இரைச்சல் என்று கருதி அமுக்கிவிடும். கலிம்பாவின் நீண்டு ஓயும் ஒலி அதற்கு முதல் பலி. ஜூமில் அசல் ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு இருக்கிறது, அதை இயக்குங்கள். இரண்டு வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம். ஒலி வந்து சேரும் தாமதத்தில் தாளம் கட்டாயம் தவறும். ஒருவர் சீரான வேகத்தில் தாளம் தட்டும் மெட்ரோனோமைக் காதில் கேட்டபடி முதலில் பதிவு செய்து அனுப்ப, மற்றவர் அதைக் கேட்டுக்கொண்டே தன் பகுதியைப் பதிவு செய்யட்டும். இரண்டையும் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அடுக்கிக்கொள்ளலாம். பதிவின்போது மேசை மேல் மடித்த துண்டை விரித்து, போனை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்பாமல் கோப்பாக இணைத்து அனுப்பினால் தரம் குறையாது.

பராமரிப்பில் எதிரி ஈரம். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் எஃகு கீ சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். துரு தொடங்கிவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் விட்டுத் தேய்த்து, மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். ஊரடங்கில் பார்சலைப் போலவே வாத்தியத்தையும் சானிடைசரால் துடைத்தவர்கள் உண்டு. ஆல்கஹால் மரத்தின் பாலிஷை மங்கச் செய்யும், எழுத்துகளையும் அழிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உப்பி, சுருதி மொத்தமாக நகரலாம். வாரம் ஒருமுறை டியூனரில் பார்த்தால் போதும். கீ ஏதாவது உடைந்தால் வாத்தியத்தையே மாற்ற வேண்டியதில்லை. 17 கீகளும் தனித் தொகுப்பாக விற்கின்றன. அழுத்தும் கம்பியின் திருகைத் தளர்த்தி, பழையதை உருவி, அதே நீளத்துப் புதியதைச் செருகி, இறுக்கிச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம்.